உயர்மட்ட அவதானம்

1

என் மகளுக்கு ஒரு பொய் சொல்லிவிட்டேன். நீளமான பொய் இல்லை, "ஓம்" என்ற ஒரே சொல்தான்.

அனிஷாவுக்குப் பதினான்கு வயது. டொரோண்டோவுக்கு வெளியே நாங்கள் இருக்கும் ஊரில், ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நாங்கள் சைவக்காரர். நடந்து போகிற தூரத்தில் வேறொரு நல்ல பள்ளிக்கூடம் இருக்க, அரை மணி நேரம் பஸ்ஸில் போய்ச் சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "உமக்கு மாத்தளைக் கொன்வென்ட் பைத்தியம் இன்னும் தெளியேல்லை" என்றார். தெளியவில்லைதான். பிடிவாதம் பிடித்துச் சேர்த்தேன்.

போன மாதம் அவளுடைய வகுப்பில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். நெருக்கடி நேரத்தில் மக்களுக்கு முன்னால் நின்ற ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். பேர்போன ஆட்கள் வேண்டாம், வீட்டுக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். அனிஷா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, உங்கட பிரெண்ட் சிஸ்டர் ரெஜினா, அந்த மழைக்குள்ள ஸ்கூலைத் திறந்தவ தானே? நீங்களும் பஸ்ஸுக்குள்ள இருந்து வொய்ஸ் அனுப்பினனீங்கள். மாமான்ட லைன்ல எல்லாரும் சேஃபா வந்தவை தானே?"

என் மகள் பேசுவது அப்பாவின் தமிழ். என் தமிழ் அவளுக்கு வரவே இல்லை. நான் "வாங்க, போங்க" என்றால் "சீரியல் மாதிரிக் கதைக்கிறீங்கள்" என்று சிரிப்பாள். அதற்காக நானும் வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, "ஆமா"வுக்கு "ஓம்" என்றும் "சூதான"த்துக்கு "அவதானம்" என்றும் பேசப் பழகிவிட்டேன். அன்றும் அப்படியே வாயில் வந்தது.

"ஓம்" என்றேன். எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்த அரிசியை இன்னொரு தரம் கழுவினேன்.

எங்கள் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினோரு வீடு. பத்து வீட்டு ஆட்கள் வந்தார்கள். பதினோராவது வீட்டில் ஒருவர் வரவில்லை. அவர் வராமல் போனதற்கு நான் காரணமா இல்லையா என்பது ஒரு வருஷமாக என் தொண்டைக்குள் கிடக்கிறது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு நடந்தது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டாம், கடைசி வரை வாசித்தால் போதும்.

2

மாத்தளைப் பக்கம், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் எங்கள் லயம். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தார். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் மணியும் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து நான் மாத்தளைக் கொன்வென்ட் விடுதியில்.

கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் என்றதும் நம்மாட்கள் உடனே "ஒழுக்கம், ஆங்கிலம்" என்பார்கள். ஒழுக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தில் டவுன் பிள்ளைகளுக்கு ஜன்னலோர மேசை, எங்களுக்குக் குசினி வாசல் மேசை. திங்கட்கிழமை பேன் பார்க்கிற சிஸ்டர் தோட்டத்துப் பிள்ளைகளின் தலையை மட்டும் இரண்டு தரம் பார்ப்பார். நல்லதை மட்டும் சொல்வதற்கு நான் பழைய மாணவிகள் சங்கத்தின் தலைவி இல்லை.

ஆனாலும் இரண்டு விஷயம் அங்கே கிடைத்தது. ஒன்று சிங்களம். பேசுகிற சிங்களம் எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் வரும், எழுத்துத்தான் வராது. கொன்வென்டில் எழுத்தைப் போட்டுத் தீட்டினார்கள். மண்சரிவுக்குச் சிங்களத்தில் "நாய யாம" என்று பெயர். அந்தப் பாடம் வந்த அன்று கடைசி வாங்கில் இருந்து ஒருத்தி குரைத்தாள். வகுப்பே குரைத்தது. முதலில் குரைத்தவள் ரெஜினா. உக்குவளைக்காரி, அப்பா ரெயில்வேயில் இருந்தவர், எனக்குப் பக்கத்து இடம். இன்றைக்கு அவள் கன்னியாஸ்திரி, அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபரும் அவள்தான்.

இன்னொன்று, திங்கட்கிழமை அசெம்பிளி. ஜெபம் முடிந்ததும் "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்பார்கள். அந்த வாரம் தப்புச் செய்தவள், பிடிபடுவதற்கு முன் தானாக வெளியே வந்து, "நான்தான்" என்று தொடங்கி, செய்ததைச் சொல்ல வேண்டும். "ஆனால்" என்ற சொல்லும் "அதனால்" என்ற சொல்லும் வரக்கூடாது. வந்தால் உட்காரச் சொல்லிவிடுவார்கள், அது எண்ணிக்கையில் சேராது. ஒழுங்காகச் சொன்னால் தண்டனை கிடையாது. ஒரு திங்கட்கிழமை அப்போதைய அதிபர் சிஸ்டர் மேடையிலிருந்து இறங்கி எங்கள் வரிசையில் வந்து நின்றார். "நான்தான்" என்றார். மாதா கோவில் மெழுகுவர்த்தியைத் திருடினாள் என்று ரெஜினாவை முந்தின வாரம் எல்லார் முன்னாலும் ஏசியதாகவும், அவள் திருடவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்ப மேடைக்கு ஏறிப் பாட்டைத் தொடங்கினார்.

அந்தக் காலை பற்றி ரெஜினா பிறகு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பெரிய ஆளுங்க கீழ எறங்கி நிக்கலாம்னு அன்னைக்குத்தான்டி எனக்குத் தெரிஞ்சுச்சு."

விடுமுறைக்கு லயத்துக்குப் போனால் எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, எல்லாம் சிங்களத்தில். லயத்தின் கடைசி வீட்டில், கடைசிக் காம்பராவில் இருந்த பாக்கியம் அக்கா, கொழுந்து பறிக்கிறவர், கடதாசிகளை எல்லாம் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக வருவார். நான் வாசித்துச் சொன்னதும் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா? எங்க வனஜா வாசிச்சாச்சுன்னா அதுக்கு மேல பேச்சே கெடையாது" என்பார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும். பொய் சொல்லவில்லை, அந்தப் பெருமையை நான் ரசித்தேன்.

3

போன கார்த்திகையில் ஊரில் மழை நாள் கணக்காக நிற்காமல் பெய்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு நாள், இங்கே காலை ஐந்தே முக்கால். அங்கே மாலை நாலேகால். நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அனிஷாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பாணில் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல். சிங்களத்தில் மட்டும். கீழே அண்ணனின் குரல்.

"வனஜா, இத இப்பத்தான் ஒட்டிட்டுப் போறாங்க. தமிழ்ல எங்கன்னு கேட்டேன், பின்னால வரும்னாங்க. என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. கரண்ட் இல்ல, போன்ல சார்ஜும் இல்ல. கடை மேட்டுல நின்னாத்தான் சிக்னல் வருது."

படத்தைப் பெரிதாக்கினேன். கையில் பட்டர். ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது: "நாய யாமே இஹல மட்டமே அவதானம."

நாய யாம, மண்சரிவு. இஹல மட்டம, உயர்மட்டம். அவதானம... அவதானம். ஒவ்வொரு நாளும் என் கணவர் வேலைக்கு இறங்கும்போது, "படியிலை ஐஸ், அவதானம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அன்று காலையும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். உயர்மட்ட அவதானம். மேலிடத்தில் கவனிக்கிறார்களாம். அரசாங்கக் கடிதங்களில் "உயர்மட்ட அவதானம் செலுத்தப்பட்டுள்ளது" என்று எத்தனை தரம் வாசித்திருக்கிறேன்! வாசித்துவிட்டுச் சிரித்தும் இருக்கிறேன்.

அண்ணனை அழைத்தேன். "ஒன்னுமில்லண்ணே. மண்சரிவு பத்தி மேல்மட்டத்துல அவதானிக்கிறாங்களாம். நீங்களும் அவதானமா இருங்க."

"அப்ப சூதானமா இருந்தாப் போதுமுல்ல? எறங்கணும்னு இல்லியே? கீழ் டிவிசன் ஆளுங்க எல்லாம் எறங்குறதான்னு யோசிக்கிறாங்க. புள்ளைகள வச்சுக்கிட்டு இந்த மழையில..."

"ஓம். சூதானமா இருந்தாப் போதும்."

"சரி, போய் லயத்துல எல்லாருக்கும் சொல்லிடறேன்."

முழுப் பேச்சும் ஒரு நிமிஷம் இருக்காது. நான் பாணைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

4

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், அந்தப் படத்தை ரெஜினாவுக்கு அனுப்பினேன். எதற்கு? நக்கலுக்கு. "பார்த்தியாடி, ஜனம் மழையில நனையுது, மேல்மட்டம் அவதானிக்குதாம்" என்று எழுதி, சிரிக்கிற முகம் இரண்டு போட்டேன். அந்த இரண்டு முகங்களையும் இன்னும் நான் அழிக்கவில்லை.

உடனே அழைப்பு வந்தது. பின்னால் மேசைகளை இழுக்கிற சத்தம், குழந்தைகள் அழுகிற சத்தம்.

"வனஜா, இது எங்க ஒட்டியிருக்கு?"

"எங்க தோட்டத்துல. ஏன்டி?"

"ஏன்டியா? வாசிச்சுப் பாருடி, எருமை! அது 'அவதானம'டி. 'அவதானம்' இல்ல. ஆபத்து! மலை சரியிற ஆபத்து உச்சத்துல இருக்குன்னு போட்டிருக்கு. அண்ணன் எங்க? எறங்கிட்டாரா?"

தமிழில் எழுதிப் பார்த்தால் ஒரு புள்ளிதான் வித்தியாசம். புள்ளி இருந்தால் நமக்குக் கவனம். புள்ளி இல்லாவிட்டால் அவர்களுக்கு ஆபத்து. கவனத்துக்கு அவர்கள் சொல்கிற சொல் வேறு; அது எழுத்திலும் வேறு. எட்டாம் வகுப்பில் இந்த இரண்டுக்கும் நான் பத்துக்குப் பத்து எடுத்தவள். கண் சிங்களத்தில் வாசித்தது, வாய் வீட்டுத் தமிழில் சொன்னது, நடுவில் மூளை என்ற ஒன்று வேலைக்கே வரவில்லை.

"நான் இருக்கச் சொல்லிட்டேன்" என்றேன். "லயம் முழுக்கச் சொல்லியிருப்பாரு."

அவள் ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணனுக்கு எடு" என்று மட்டும் சொன்னாள். எடுத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அண்ணிக்கும் அதே. மறுபடி ரெஜினாவை அழைத்தேன்.

"நவ்பர் நானா பஸ்ஸ எடுத்துக்கிட்டு மேல போறாரு" என்றாள். நவ்பர் நானா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அங்கேயே மூன்று தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் குடும்பம்; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். "கீழ் டிவிசன் ஆளுங்களத்தான் ஏத்தப் போனாரு. மேலயும் போகச் சொல்லிட்டேன்."

"அங்க என்னடி சத்தம்?"

"பரீட்சை மண்டபத்தக் காலி பண்றேன். உயர்தரப் பரீட்சை நடக்கிற மண்டபம், மேசையில சுட்டெண் நம்பர் எல்லாம் ஒட்டி சீல் வச்சிருந்தாங்க. எழுத்துல அனுமதி இல்லாமத் தொறக்கக் கூடாதாம். கடுதாசி நாளைக்கு வரும்டி. மழை இன்னைக்கே வந்திருச்சே."

5

பத்து நிமிஷம் கழித்து அவளே அழைத்தாள். குரல் மாறியிருந்தது.

"வனஜா, நவ்பர் நானா மேல போயிட்டாரு. எறங்க மாட்டேங்கறாங்களாம். 'கனடாத் தங்கச்சி வாசிச்சுச் சொல்லிருச்சு, சூதானமா இருந்தாப் போதுமாம்'னு உங்கண்ணனே சொல்றாராம். கடை மேட்டுல நின்னு நானாதான் என்கூடப் பேசுறாரு. அங்க வந்து நின்னவங்ககிட்ட நானும் பேசினேன். 'சிஸ்டர் நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க, ஆனா எங்க புள்ள எழுத்தையே வாசிச்சிருக்கே'ன்றாங்க. நான் சொன்னா வர மாட்டாங்க. நீ சொன்னதாலதான் உக்காந்திருக்காங்க. நீயே எந்திரிக்கச் சொல்லு. நானாகிட்ட விளையாட்டுப் போட்டிக்கு வச்சிருக்கிற மைக் இருக்கு. வொய்ஸ் அனுப்பு, லயத்துல போய்ப் போடுவாரு."

பேசினேன். "நான் வனஜா. காலையில அவசரத்துல இருந்தேன், படமும் தெளிவா இல்ல, அதனால..." ரெஜினாவுக்கு அனுப்பினேன். அரை நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"அழி அத. மறுபடி பேசு. 'அதனால' இல்லாமப் பேசு. நீ சாக்குச் சொன்னா அவங்களும் சாக்குச் சொல்லுவாங்க. திங்கக்கெழம எப்படி நின்னோமோ அப்படி நில்லு."

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மா தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்.

"நான் வனஜா. மணியோட தங்கச்சி. நான்தான் தப்பா வாசிச்சேன். சூதானமா இருக்கச் சொல்லி அதுல எழுதல. மலை எறங்கப் போகுதுன்னு எழுதியிருக்கு. வீட்ட விட்டுட்டு வாங்க. ஒன்னையும் எடுக்காதீங்க. பஸ்ஸுல ஏறுங்க. தப்பு என்னோடது. அண்ணே, ஏறுண்ணே!"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. மறுபடி பேசவா என்று கேட்டேன். "வேணாம், அது போதும்" என்றாள் ரெஜினா.

நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி மூன்று தரிப்பு போய்விட்டிருந்தேன். பனியில் ஓடி வந்து வேலையில் நின்றபோது ஏழு பத்து. வேலை நேரத்தில் போன் பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும். சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டினேன். வெறும் கரண்டியை இரண்டு தரம் நீட்டியதைப் பார்த்து, எனக்கு உடம்பு சரியில்லையா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று தரம் கழிப்பறைக்குப் போய் வந்தேன். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தேடிக் கத்த, அது அவர் தலையிலேயே இருந்தது. நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எட்டே முக்காலுக்கு, அங்கே ஏழேகாலுக்கு, நவ்பர் நானாவின் குரலை ரெஜினா அப்படியே அனுப்பினாள்.

"சிஸ்டர், பத்து வூட்டையும் ஏத்திட்டன். மணியண்ணன் ஆக்களும் ஈக்கிறாங்க. கடசி வூட்டு பாக்கியம் அக்கா வரல்ல. காது கேக்கல்லன்டு அவட மகள் செல்லுது. இன்னொரு நடை போகத்தான் பாத்தன். ஏலா சிஸ்டர். பாதைக்கு மேல மண்ணு உழுந்து ஈக்கி. அல்லாஹ்தான் பாத்துக்கோணும்."

அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று கழிப்பறைச் சுவரில் சாய்ந்து அழுதேன். அந்த அழுகைக்குள் பாக்கியம் அக்கா இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

விடிவதற்கு முன் மலை இறங்கியது. கடைசி நான்கு காம்பராவையும் கொண்டு போயிற்று. அதில் எங்கள் வீடும் ஒன்று.

6

பாதை வெட்டி மேலே போக ஐந்து நாள் ஆனது. பாக்கியம் அக்காவை எடுத்து, லயத்துக்குக் கீழேயே அடக்கம் செய்தார்கள். "நீ மறுக்காப் பேசலைன்னா நாங்க எல்லாரும் அங்கதான் கெடந்திருப்போம். அத நெனை, மத்தத விடு" என்றார் அண்ணன். அக்காவுக்குக் காது கேட்கவில்லையாம், மழைச் சத்தத்தில் மைக் எடுபடவில்லையாம், மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாளாம், லயமே அப்படித்தான் சொன்னது. நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதலில் சொன்ன தப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்தது, பிறகு சொன்ன சரி போய்ச் சேரவில்லை; அது மழையின் குற்றம். அப்படி நினைத்தால் தூக்கம் கொஞ்சம் வந்தது.

ரெஜினா மூன்று வாரம் அந்தப் பள்ளிக்கூடத்தை முகாமாக நடத்தினாள். வாசல் கரும்பலகையில் ஒவ்வொரு அறிவித்தலையும் தமிழிலும் சிங்களத்திலும் தன் கையாலேயே எழுதி, கீழே பெயரைப் போட்டாள். பிழை இருந்தால் யாரைப் பிடிப்பது என்று ஜனத்துக்குத் தெரிய வேண்டுமாம். பள்ளிவாசலில் இருந்து சோறு வந்தது, விகாரையில் இருந்து பாய் வந்தது. கழிப்பறைக்கு வரிசையில் சண்டையும் வந்தது. வெள்ளை உடுப்பில் ஒரு அரசியல் பெரியவர் படம் எடுக்க வந்தபோது, "போட்டோ எடுங்க சேர். அதுக்கு முன்னாடி அந்த அரிசி மூட்டையக் கொஞ்சம் உள்ள வச்சுடுங்க" என்றாளாம். அவரும் தூக்கினாராம். பாவம், இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பிறகு மேலிடத்திலிருந்து அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சீல் வைத்த பரீட்சை மண்டபத்தை எழுத்து மூல அனுமதி இல்லாமல் திறந்தது ஏன்? பரீட்சையே மழைக்குத் தள்ளிப் போய்விட்டது என்பது வேறு கதை. பதிலை எனக்கு அனுப்பிக் காட்டினாள். "மண்டபத்தைத் திறந்தது நான்தான். வேறு எவரும் பொறுப்பில்லை." அவ்வளவுதான். மழையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"காரணத்தை எழுதுடி, ஊரே உன் பக்கம்" என்றேன்.

"காரணம் அவங்களுக்குத் தெரியாதா? ஜன்னலத் தொறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். விசாரணை இன்னும் முடியவில்லை. அடுத்த வருஷம் அவள் அங்கே இருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது என்று என் கணவர் இப்போது கேட்பதில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் இருப்பது இந்த ஒரு பழக்கம்தான். முன்னால் நிற்கிறவர் கீழே இறங்கி, காரணம் சொல்லாமல், தன் பெயரைச் சொல்வது. ஜெபம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. அது மறக்கவில்லை. மறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அனிஷாவிடம் "ஓம்" என்று சொல்கிற வரைக்கும்.

7

என் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. கட்டுரைக்காக ரெஜினாவை வீடியோவில் அழைத்து அவளே பேசியிருக்கிறாள். ரெஜினா அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை.

அன்று நான் வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அனிஷா படியில் நின்றாள்.

"அம்மா, சிஸ்டர் சொன்னவ ஒராள் வரேல்லையாம். நீங்கள் எல்லாரும் எண்டு சொன்னீங்கள். வை டிட் யூ லை?"

"காது கேக்கலடி அவங்களுக்கு" என்றேன்.

"நான் அதைக் கேக்கேல்லை."

அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஒரு சப்பாத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ரெஜினாவிடம் பாக்கியம் அக்காவின் மகள் செல்வியின் நம்பரைக் கேட்டேன். செல்வி மாத்தளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அன்றைக்கு லயத்தில்தான் இருந்தாள். "எனக்காக நீ பேசிடறியா?" என்றும் கேட்டேன், வெட்கம் கெட்டுப்போய்.

"மாட்டேன்" என்றாள் ரெஜினா. "ஊருக்கே மைக்குல சொன்னவ, ஒரு புள்ளைகிட்டச் சொல்ல முடியாதா?"

ஞாயிறு காலை எடுத்தேன். அங்கே பின்னேரம். அனிஷாவைப் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். யார் என்று சொன்னதும் செல்வி, "அக்காவா! எப்படி இருக்கீங்க? பாப்பா நல்லாயிருக்கா?" என்றாள். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. மேலே பேச விட்டால் நான் மறுபடியும் தப்பித்துவிடுவேன் என்று பயந்து, உடனே சொன்னேன்.

"செல்வி, நான்தான் தப்பா வாசிச்சேன். உங்கம்மாவ இருக்கச் சொன்னது நான்தான். இத ஒங்கிட்ட ஒரு வருஷமா நான் சொல்லல."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.

"அது எங்களுக்குத் தெரியும்தானேக்கா. மைக்குல சொன்னீங்களே."

"உங்கம்மாவுக்குத்தான் அது கேக்கலையே, செல்வி."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். செக்கன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அக்கா, நான் ஒன்னு சொல்றேன். நீங்க மனச விட்ரக் கூடாது. காது கேக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னது நான்தான். நானாகிட்ட, சிஸ்டர்கிட்ட, மணி அண்ணன்கிட்ட. உங்க காதுக்கு இது வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். எங்கம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும்."

அனிஷா என் கையைப் பிடித்தாள்.

"நீங்க பேசினத முழுசாக் கேட்டாங்க. ரெண்டு தடவ போட்டாரு நானா, ரெண்டு தடவயும் வாசல்ல நின்னு கேட்டாங்க. நான் பக்கத்து வீட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு, வாம்மா வாம்மான்னு கையப் புடிச்சு இழுக்கிறேன். சிரிச்சாங்கக்கா. 'அது வனஜா கொரல்தான். ஆனா அழுவுது பாத்தியா? யாரோ மெரட்டிப் பேச வச்சிருக்காங்க. மொதல்ல சொன்னதுதான் நெசம். கொன்வென்டுல படிச்ச புள்ளடி அது, எழுத்துல தப்பு விடுமா? நீ பயந்தா போ'ன்னு சொல்லிட்டு, உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டாங்க."